தாலி கட்டினால் போதுமா? – மனைவியை கனடாவுக்கு அழைக்கும் கதை

அஞ்சுகிராமம் பக்கத்துப் பெண் அவள். பெயர் வேண்டாம். எம்.எஸ்ஸி. கணக்கு முடித்துவிட்டு ஒரு தனியார் பள்ளியில் டீச்சராக இருந்தாள். மாப்பிள்ளை கனடாவில், டொரன்டோ பக்கம் பிராம்ப்டனில். படிக்கப் போய், வேலை பார்த்து, 2021-ல் பி.ஆர். வாங்கியவர். 2023 தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கிடைத்த லீவு மொத்தம் மூன்று வாரம். அதில் பொண்ணு வீட்டு விருந்து, மாப்பிள்ளை வீட்டு விருந்து, சுசீந்திரம், மண்டைக்காடு எல்லாம் போக மிச்சம் இருந்தது ஒரே ஒரு சாயங்காலம். அந்தச் சாயங்காலம் இரண்டு பேரும் வட்டக்கோட்டைக்குப் போனார்கள். கூடவே தம்பியும் (நம்மூரில் வேறு எப்படி?).

கோட்டை மேல் காற்று என்றால் அப்படி ஒரு காற்று. சேலை முந்தானை பறந்து மாப்பிள்ளை முகத்தை மூட, அவர் கண்ணாடியைத் தேட, இவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க... தம்பி அதை செல்போனில் எடுத்துவிட்டான். பின்னால் கருமணல் கடற்கரை. படம் கொஞ்சம் ஆடியிருந்தது. "அழி அதை" என்று அவள் சொன்னாள். தம்பி அழிக்கவில்லை. நல்லவேளை!

பத்து நாளில் போய்விடலாமா?

ஊரில் எல்லோரும் நினைப்பது இதுதான். கல்யாணம் முடிந்தது, விசா வந்துவிடும், அடுத்த மாதம் பிளைட். குமரி மாவட்டத்தில் இப்படி நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே வீட்டுக்கு வீடு கல்ஃப். ஐக்கிய அரபு அமீரகத்தில் மாதம் 4,000 திர்ஹாம் சம்பளம் இருந்தால், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் இருந்தால், மனைவியை அழைத்துக்கொள்ளலாம். கல்யாண சர்டிபிகேட்டில் வரிசையாக முத்திரை குத்தி வாங்கினால் வேலை முடிந்தது. ஆனால் அந்த விசா புருஷனின் வேலையோடு கட்டிப்போட்டது. அவருக்கு வேலை போனால் இரண்டு பேரும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

கனடா கதை வேறு. அங்கே ஸ்பான்சர் செய்யப்படும் மனைவிக்குக் கிடைப்பது பி.ஆர். அது அவளுக்கே சொந்தம். வேலை பார்க்கலாம், படிக்கலாம், பிறகு குடியுரிமைக்கும் விண்ணப்பிக்கலாம். அவ்வளவு பெரியதைக் கொடுப்பதால் அவர்கள் கேட்கும் கேள்வியும் பெரியது. "இந்தக் கல்யாணம் நிஜம்தானா?"

இந்தக் கேள்விக்கு வயது நூறுக்கு மேல்

1908-ல் கனடா ஒரு விதி போட்டது. சொந்த நாட்டிலிருந்து இடையில் எங்கும் நிற்காமல் நேராக வருபவர்கள் மட்டும்தான் இறங்கலாம் என்று. இந்தியாவிலிருந்து அப்படி நேராக வர வழியே கிடையாது. ஆக, ஏற்கெனவே அங்கே மரம் அறுக்கும் ஆலைகளில் வேலை பார்த்த இந்தியர்கள், பெரும்பாலும் பஞ்சாபிகள், மனைவியை அழைக்க முடியாமல் வருடக்கணக்கில் தனியாகக் கிடந்தார்கள். 1919-ல்தான் மனைவியையும் சின்னப் பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது.

பிரிட்டனில் நடந்தது இன்னும் மோசம். 1979 ஜனவரியில் கல்யாணம் செய்துகொள்வதற்காக லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்து இறங்கிய 35 வயது இந்திய ஆசிரியை ஒருவரை, அவர் சொல்வது உண்மையா என்று பார்க்க உடல் பரிசோதனையே செய்தார்கள். பத்திரிகையில் வந்து பெரிய கூச்சல் ஆனபிறகுதான் அந்த வழக்கம் நின்றது. அதற்குப் பின்னும் பல வருடம், "குடியேறுவதற்காகக் கல்யாணம் செய்யவில்லை" என்று தம்பதிகளே நிரூபிக்க வேண்டும் என்ற விதி அங்கே இருந்தது. 1997-ல்தான் அதை எடுத்தார்கள்.

இப்போது யாரும் அப்படித் தொட்டுப் பார்ப்பதில்லை. காகிதத்தைத்தான் பார்க்கிறார்கள். சரி, காகிதத்துக்கு வருவோம்.

யார் அழைக்கலாம்?

அழைப்பவர் கனடா குடிமகனாகவோ பி.ஆர். வைத்திருப்பவராகவோ இருக்க வேண்டும். 18 வயது ஆகியிருக்க வேண்டும். பி.ஆர். என்றால் கனடாவிலேயே வசிக்க வேண்டும். அரசு உதவித்தொகையில் வாழ்பவராக இருக்கக்கூடாது (உடல் குறைபாட்டுக்கான உதவி என்றால் பரவாயில்லை). ஆச்சரியமான விஷயம், மனைவியை மட்டும் அழைப்பதற்கு இவ்வளவு சம்பளம் வேண்டும் என்ற கணக்கு பெரும்பாலும் கிடையாது. பிரிட்டனில் உண்டு. அங்கே 2012-ல் வருடத்துக்கு 18,600 பவுண்டு என்று வைத்தார்கள், 2024 ஏப்ரலில் அது 29,000 ஆனது.

கனடாவில் சம்பளத்துக்குப் பதில் ஒரு கையெழுத்து. மனைவி பி.ஆர். ஆன நாளிலிருந்து மூன்று வருடம் அவளுடைய அடிப்படைச் செலவுக்கு நான் பொறுப்பு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கியூபெக் மாகாணத்தின் நடைமுறை மட்டும் தனி. இடையில் விவாகரத்தே ஆனாலும் அந்தக் கையெழுத்து அழியாது. அவள் அரசு உதவி வாங்கினால் அந்தப் பணத்தை இவர் கட்ட வேண்டும்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. மாப்பிள்ளை பி.ஆர். வாங்கியபோதே கல்யாணம் ஆகியிருந்து, அதை மறைத்திருந்தால், பிறகு அந்த மனைவியை ஸ்பான்சர் செய்ய முடியாமலே போகலாம். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்ட பல குடும்பங்கள் அங்கே மாட்டிக்கொண்டு நிற்கின்றன.

பெயர் என்னும் பெரிய தலைவலி

கல்யாணத்தைப் பதிவு செய்வது முதல் வேலை. தமிழ்நாட்டில் 2009-ஆம் வருடச் சட்டப்படி எந்த மதக் கல்யாணமாக இருந்தாலும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். இவர்கள் அடுத்த வாரமே பதிந்துவிட்டார்கள். பிரச்சினை அதில் வரவில்லை, பெயரில் வந்தது.

நமக்கு இனிஷியல். அவர்களுக்குக் குடும்பப் பெயர். அவள் பத்தாம் வகுப்பு சர்டிபிகேட்டில் ஒரு இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் பின்னால். ஆதாரில் அதே அப்பா பெயர், ஒரு எழுத்து குறைவாக. கல்யாண சர்டிபிகேட்டில் மறுபடியும் இனிஷியல். நான்கு காகிதத்தில் நான்கு பெண்கள்! இவர்கள் எல்லாம் ஒருத்திதான் என்று நோட்டரியிடம் ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கி வைத்தாள்.

வட்டக்கோட்டைக்கே இந்தக் கதைதான். பெயர் வட்டக்கோட்டை, உள்ளே போய்ப் பார்த்தால் நீள்சதுரம். கனடா அதிகாரி கையில் அந்தக் கோட்டையின் ஃபைல் போயிருந்தால் விளக்கம் கேட்டு லெட்டர் வந்திருக்கும் :-)

மற்ற காகிதங்கள்: தமிழில் இருப்பதற்கெல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்பு. மதுரை வட்டார பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் போலீஸ் கிளியரன்ஸ். கடந்த 10 வருடத்தில் வேறு நாட்டில் தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்திருந்தால் அங்கிருந்தும் ஒன்று (கல்ஃப் போய்வந்தவர்கள் கவனிக்க). பணம், 2023-ல் எல்லாம் சேர்த்து 1,080 கனடா டாலர், கைரேகைக்குத் தனியாக 85. அந்த 1,080 அடுத்த வருடம் ஏப்ரல் 30 முதல் 1,205 ஆகிவிட்டது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஏறும்.

இருபது படம், பத்துப் பக்கம்

உறவுக்குச் சாட்சியாகப் படங்கள் அதிகபட்சம் 20 வைக்கலாம். பேசிக்கொண்டதற்குச் சாட்சி 10 பக்கம். கல்யாண ஆல்பத்தில் படம் எழுநூறுக்கு மேல். ஆனால் நம்மூர் ஆல்பம் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே? மேடையில் இரண்டு பேர் விறைப்பாக நிற்பார்கள், பக்கத்தில் ஆள் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். எழுநூறு படத்தில் மாப்பிள்ளையும் பொண்ணும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தது மூன்றில். அதில் ஒன்று மாலை மாற்றியது!

தனியாக ஒரு கேள்வித்தாள் உண்டு. எப்படிச் சந்தித்தீர்கள், யார் அறிமுகம் செய்தது, கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள், பிறகு எங்கே போனீர்கள், இரண்டு வீட்டாருக்கும் பழக்கம் உண்டா? பெரியவர்கள் பார்த்துச் செய்த கல்யாணம் என்று எழுத வெட்கப்பட வேண்டாம். அது அவர்களுக்கும் தெரிந்த வழக்கம்தான். தரகர் கொண்டுவந்தார், ஜாதகம் பார்த்தார்கள், வீடியோ காலில் நான்கு மாதம் பேசினோம் என்று நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும். "கண்டதும் காதல்" என்று கதை கட்டினால்தான் வம்பு. விதி இரண்டு விஷயம் கேட்கிறது. கல்யாணம் நிஜமாக இருக்க வேண்டும், குடியேறுவதையே முக்கிய நோக்கமாக வைத்துச் செய்ததாகவும் இருக்கக்கூடாது. இரண்டில் ஒன்றில் சறுக்கினாலும் மறுப்புதான்.

"அதை எழுதாண்டாம் மக்களே"

ஒரு பழைய விஷயம் இருந்தது. 2019-ல் அவள் பிரிட்டனுக்கு மாணவர் விசா போட்டு, பேங்க் காகிதம் சரியில்லை என்று மறுத்துவிட்டார்கள். வீட்டில்கூடப் பாதிப் பேருக்குத் தெரியாது. கனடா படிவத்தில் கேள்வி நேராகவே இருந்தது. எந்த நாடாவது உங்களுக்கு விசா மறுத்திருக்கிறதா?

காகிதங்களைப் பார்த்துக்கொடுத்த ஏஜென்ட் சிரித்தார். "அதை எழுதாண்டாம் மக்களே. அது லண்டன், இது கனடா. அவனுக்கு எங்க தெரியப்போகுது? எழுதினா ஆறு மாசத்துல முடியறது ஒன்றரை வருஷம் இழுக்கும், கேட்டியா."

அன்று ராத்திரி வீட்டில் பெரிய பேச்சு. அம்மா ஏஜென்ட் பக்கம். "அவரு எத்தனை பேரை அனுப்பியிருக்காரு, அவருக்குத் தெரியாதா?" மாமியாருக்கு இந்த விஷயம் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்ற பயம் வேறு. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவள் பிராம்ப்டனுக்கு போன் போட்டாள்.

"அத்தான், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். முன்னாடியே சொல்லியிருக்கணும்."

அவர் கேட்டுவிட்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இதைச் சொல்லவா இவ்வளவு பயந்தே? எழுது. லேட் ஆனா ஆகட்டும்" என்றார்.

எழுதினாள். ஏஜென்ட் மேற்கொண்டு பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கொடுத்த பணம் திரும்பி வரவில்லை. மிச்சத்தை இரண்டு பேரும் வீடியோ காலில் உட்கார்ந்து தாங்களே நிரப்பி 2023 மே மாதம் ஆன்லைனில் போட்டார்கள்.

காத்திருப்பு

ஜூனில் கைரேகை கொடுக்க கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் சென்னைக்கு ஒரு ராத்திரிப் பயணம். மெடிக்கலுக்கு இன்னொரு தடவை. மெடிக்கலை அவர்கள் பட்டியலில் உள்ள டாக்டரிடம்தான் எடுக்க வேண்டும். பொதுவாக 12 மாதம்தான் செல்லும்.

அதற்கு முன்பே அவள் ஒரு தப்பு செய்திருந்தாள். ஏஜென்ட் சொன்ன "ஆறு மாசம்" மனதில் ஒட்டிக்கொண்டு, பள்ளிக்கூடம் முடிந்த ஏப்ரலிலேயே வேலையை விட்டுவிட்டாள். கனடா அரசு அப்போது சொல்லிக்கொண்டிருந்த கணக்கே ஏறக்குறைய 12 மாதம்! ஜூனில் பள்ளி திறந்து பிள்ளைகள் யூனிபார்மில் போவதை வாசலில் நின்று பார்த்தது அவளுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. ஆகஸ்டில் வீட்டுத் திண்ணையில் டியூஷன் தொடங்கினாள். கோயிலுக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் ஒரே கேள்வி. "என்ன மக்கா, இன்னும் போகலியா?" கொஞ்ச நாளில் கேள்வி மாறியது. "மாப்பிள்ளை பேசுகாரா?"

2023 அக்டோபரில் யாரும் எதிர்பார்க்காத ஒன்று. இந்தியாவுக்கும் கனடாவுக்கும் இடையே தகராறு முற்றி, கனடா தன் தூதரக அதிகாரிகள் 41 பேரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. இந்தியாவில் இருந்த அவர்களுடைய குடியேற்றத்துறை அலுவலர்கள் 27 பேர் என்பது 5 ஆகக் குறைந்தது. டெல்லியில் நடந்த சண்டைக்கு அஞ்சுகிராமத்தில் ஒரு பெண் தினமும் செல்போனைத் திறந்து நிலவரம் பார்த்தாள். மாறவே இல்லை.

டிசம்பரில் பாட்டா தவறிப்போனார். பேரப்பெண் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர். மாப்பிள்ளையால் வர முடியவில்லை. வீடியோ காலில் பார்த்தார். எந்தப் படிவத்திலும் இதற்கெல்லாம் கட்டம் இல்லை.

அந்த லெட்டர்

2024 ஜனவரி கடைசியில் ஒரு மெயில். பிரிட்டன் விசா மறுப்பு பற்றிய விவரமும், கல்யாணத்துக்குப் பிறகும் உறவு தொடர்கிறது என்பதற்குக் கூடுதல் சாட்சியும் 30 நாளில் அனுப்ப வேண்டும். அம்மா ஒரே அழுகை. "எழுதாம இருந்திருந்தா இது வந்திருக்குமா?"

வந்திருக்கும், வேறு மாதிரி! அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஐந்தும் குடியேற்றத் தகவல்களைத் தங்களுக்குள் பரிமாறிக்கொள்கின்றன. கைரேகை வைத்துத் தேடினால் பழைய மறுப்பு வெளியே வந்துவிடும். மறைத்திருந்தால் அது பொய்த் தகவல் என்ற கணக்கில் சேரும். தண்டனை, ஐந்து வருடத்துக்குக் கனடா பக்கமே போக முடியாத தடை. மறுப்பு குற்றம் இல்லை, மறைப்புதான் குற்றம். எழுதியிருந்ததால் அவளிடம் கேட்டது வெறும் விளக்கம்.

பிரிட்டன் கொடுத்த மறுப்புக் கடிதம் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் இருந்தது. ஸ்கேன் எடுத்து அனுப்பினாள். கூடவே மாதம் மாதம் அவர் அனுப்பிய பண ரசீது, போன் பதிவுகள், பாட்டா காரியத்தின்போது பேசிய நாளின் பக்கம். முதல் தடவை அனுப்பிய படங்களில் முக்கால்வாசி மேடைப் படங்கள்தான். இந்தத் தடவை தம்பி தன் போனைத் தேடி அந்த ஆடிப்போன வட்டக்கோட்டைப் படத்தை எடுத்துக் கொடுத்தான். தேதி, நேரம், இடம் எல்லாம் அதிலேயே இருந்தது. கீழே அவள் எழுதினாள்: கல்யாணமான நான்காம் நாள், காற்று அதிகம்.

அதற்குப் பிறகு

2024 ஆகஸ்டில் பாஸ்போர்ட்டை அனுப்பச் சொல்லி மெயில் வந்தது. போட்ட நாளிலிருந்து பதினைந்து மாதம்.

மறுத்திருந்தால்? அப்போதும் கதவு மூடாது. கனடாவில் இருக்கும் கணவர் 30 நாளுக்குள் அங்குள்ள மேல்முறையீட்டு மன்றத்துக்குப் போகலாம். புதிதாகவும் விண்ணப்பிக்கலாம்.

போகும் பெண்களுக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். 2012 அக்டோபர் முதல் கனடாவில் ஒரு நிபந்தனை இருந்தது. கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகாமல் விண்ணப்பித்து, பிள்ளையும் இல்லாமல் போகும் மனைவி, கணவனோடு இரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தால்தான் பி.ஆர். நிலைக்கும் என்று. அடி வாங்கினாலும் வாயை மூடிக்கொண்டு இருக்கும் நிலைமை. கொடுமை நடந்தால் விலக்கு கேட்கலாம் என்று இருந்தாலும் எத்தனை பேருக்கு அது தெரியும்? 2017 ஏப்ரலில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். இப்போது பி.ஆர். ஆகிவிட்டால், "நான் சொன்னால் உன்னை ஊருக்கு அனுப்பிடுவாங்க" என்று யாராவது மிரட்டினால் நம்ப வேண்டாம். கணவனைப் பிரிந்தால் மட்டுமே அது பறிபோகாது.

புறப்படுவதற்கு முந்தின சாயங்காலம் அவள் அப்பாவோடும் தம்பியோடும் வட்டக்கோட்டைக்குப் போனாள். அதே காற்று. அந்தக் கோட்டையைத் திருவிதாங்கூருக்காகப் பலப்படுத்தியவர் டிலனாய். 1741-ல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுக் கப்பித்தான். வந்த ஊரிலேயே தங்கி, 1777-ல் செத்து, உதயகிரிக் கோட்டையில் மனைவி, மகன் பக்கத்தில் கிடக்கிறார். அன்னிய ஊர் சொந்த ஊர் ஆவது இந்தப் பக்கத்துக்குப் புதுசு இல்லை.

அப்பா ரொம்ப நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அன்னிக்கு ராத்திரி நான் ஒண்ணும் சொல்லல, இல்லியா மக்ளே?" என்றார். "எனக்கும் பயமா இருந்துச்சு. நீ எழுதினது நல்லதாப் போச்சு."

தம்பி ஒரு படம் எடுத்தான். பிராம்ப்டனுக்கு அனுப்பினாள். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. "இது எத்தனாம் நம்பர் ஆதாரம்?"

"நம்பர் கிடையாது. சும்மா எடுத்தது" என்று எழுதினாள்.